போய் வருகிறேன்

இந்த ஆண்டு மலருக்கு ஜப்பானைப் பற்றி ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். கேட்டது நியாயமே. நான் திரும்பி வந்த நாள் முதல், உணவு விடுதியில் என் எதிரே வந்து உட்காரும் நண்பர்கள் இரண்டே கேள்விகளைத்தான் கேட்டு வருகிறார்கள். ‘பச்சை மீனைத் தின்றாயா?’ என்பது ஒன்று. ‘புல்லட் ரயிலில் ஏறினாயா?’ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ‘ஆம்’ என்பதே விடை. அத்துடன் பேச்சும் முடிந்துவிடுகிறது. யாருடைய வீட்டில் இருந்தாய் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கே இங்கு விடை எழுதுகிறேன்.

நான் உலோகவியல் ஆராய்ச்சி மாணவன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்படி 2023 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரை சென்டாய் நகரில் உள்ள தொஹோகு பல்கலைக்கழகத்தில் இருந்தேன். சென்டாய், டோக்கியோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். விரைவு ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மக்கள் தொகை பதினொரு லட்சத்தை ஒட்டியது. மரங்கள் மலிந்த ஊராதலால் ‘மரங்களின் நகரம்’ என்று அதற்குச் சிறப்புப் பெயர். பல்கலைக்கழகம் 1907-இல் தோன்றியது. 1917-இல் கே. எஸ். எஃகு என்னும் வலிய காந்த எஃகைக் கண்ட ஹோண்டா கோத்தாரோ இங்கே பணிபுரிந்தவர். ஒரு காலத்தில் நம் ஊர்க் கூரைகளில் மீன் முள்ளைப்போல் நின்றிருந்த தொலைக்காட்சி ஏரியல் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்த யாகி, உதா இருவரும் இப்பல்கலைக்கழகத்தாரே.

அயல்நாட்டு மாணவன் சென்டாய்க்குப் போனால், அங்குள்ளவர்கள் முதலில் லூ சுன் பெயரைத்தான் சொல்வார்கள். பின்னாளில் சீனத்தின் பெரும் எழுத்தாளராக விளங்கிய அவர், 1904-இல் இந்நகரத்து மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். உடற்கூறு கற்பித்த ஃபுஜினோ என்ற ஆசிரியர், மொழி தடுமாறும் அந்தச் சீன மாணவரின் பாடக் குறிப்புகளை வாங்கிப் பார்த்துச் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பாராம். 1906-இல் லூ சுன் மருத்துவத்தைக் கைவிட்டு ஊரை விட்டுப் புறப்பட்டபோது, ஆசிரியர் தம் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் பிரிவின் வருத்தத்தைச் சொல்லும் இரண்டே எழுத்துகள் இருந்தன. லூ சுன் அந்தப் படத்தைப் பீக்கிங்கில் தம் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஆனால் ஆசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். கடிதத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு விடுதியில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே ஆங்கிலம் பேசியே காலத்தைக் கடத்திவிடலாம் என்று மூத்த மாணவர் ஒருவர் சொன்னார். டில்லியில் இரவு வகுப்பில் ஓராண்டு ஜப்பானிய மொழி கற்றிருந்தேன். அதை வீணாக்க மனமில்லை. அயல்நாட்டு மாணவருக்கு வீடு பார்த்துத் தரும் உள்ளூர் அன்பர்கள் சிலர் எனக்கு ஒரு குடும்பத்தைத் தேடித் தந்தார்கள். நகரின் மேற்கே மேட்டுப் பாங்கான பகுதியில் இரண்டு மாடி வீடு. குடும்பத் தலைவர் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தார். அவர் மனைவி ஒரு பள்ளியின் சமையற் கூடத்தில் அரைநாள் வேலை செய்தார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி. எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர். தாயை ‘ஒகாசான்’ என்றும், தந்தையை ‘ஒதோசான்’ என்றும் நான் அழைத்தேன். பாட்டி மட்டும், “உங்கள் ஊரில் தகப்பனைப் பெற்றவளை எப்படி அழைப்பீர்கள்?” என்று கேட்டார். “அப்பாயி” என்றேன். ஒரே முறையில் அவர் அதைப் பிழையின்றிச் சொல்லிவிட்டார். ஜப்பானிய நாவுக்கு அவ்வளவு எளிய சொல் வேறு இல்லை. ஆனாலும் என் சொந்த அப்பாயியோடு வாசகர் குழம்பிவிடக் கூடாது என்பதால், இங்கே இவரைப் பாட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

இந்தியர் அனைவரும் மரக்கறி உணவினர் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒகாசான் முதல் வாரம் முழுவதும் பாடுபட்டுக் கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் சாறு எடுத்துச் சமைத்தார். ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்பிலும் உலர்த்திய மீனின் சாறு கலந்திருக்கும். அதை விலக்கிச் சமைப்பது அவர்களுக்குப் பெரிய வேலை. நான் நாகப்பட்டினத்துக்காரன் என்பதை எடுத்துச் சொன்ன பிறகு வீட்டில் ஒரு நிம்மதி பிறந்தது. மறுநாள் காலைச் சோற்றோடு சுட்ட மத்தி வந்தது. நடு முள்ளை ஒரே இழுப்பில் எடுத்து, முள்ளைத் தட்டின் ஓரத்தில் சுத்தமாக வைத்தேன். பாட்டி அந்த முள்ளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு பேத்தியின் தட்டைப் பார்த்தார். அன்று பேத்திக்கு நல்ல பாடம் கிடைத்தது. எனக்கும் அவளுக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை.

மொழியைப் பற்றி ஒரு செய்தி. ஜப்பானிய வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் வரும். நாம் ‘டில்லியிலிருந்து’, ‘பாட்டிக்கு’ என்று பெயருக்குப் பின்னால் ஒட்டுவதைப் போலவே அவர்களும் ஒட்டுகிறார்கள். ‘தபெத்தே மித்தே’ என்று ஒகாசான் தட்டை நீட்டுவார். ‘தபெத்தே’ என்றால் சாப்பிட்டு. ‘மித்தே’ என்றால் பார். ‘சாப்பிட்டுப் பார்!’ ஆங்கிலத்தின் வழியே போனால் சுற்றுவழி. தமிழின் வழியே போனால் நேர்வழி. என் பெயரின் கடைசி மெய்யோடு ஓர் உகரத்தைச் சேர்த்தே அவர்கள் அழைத்தார்கள். பஸ்ஸை ‘பஸ்ஸு’ என்னும் எங்கள் ஊராருக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. உடனே யாரும் மீசையை முறுக்க வேண்டாம். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல நூல்கள் எழுதினார். மொழியியலாளருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, எனக்கு அது உதவியாக இருந்தது.

முதல் இரண்டு மாதம் நான் விருந்தாளி. ஜப்பானிய வீட்டில் விருந்தாளியாக இருப்பது சுகமும் சங்கடமும் கலந்தது. உதாரணத்துக்குக் குளியலைச் சொல்லலாம். வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்து அழுக்குப் போக்கிய பின்னர்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கவேண்டும். வீட்டார் அனைவருக்கும் அதே நீர்தான். முதலில் இறங்கும் உரிமை விருந்தாளிக்கு. வேலை முடிந்து களைத்து வரும் ஒதோசான் காத்திருக்க, வாலிபனாகிய நான் முதலில் போய் அமிழ்ந்திருப்பேன். சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவப் போனாலும் ஒகாசான் விடமாட்டார். வெளியிலிருந்து வரும்போதெல்லாம், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ‘ஒஜாமா ஷிமாஸ்’ என்பேன். ‘இடைஞ்சல் தருகிறேன்’ என்று பொருள். பிறர் வீட்டில் நுழைபவர் சொல்லவேண்டிய மரியாதை வார்த்தை அது.

ஜூன் மாதத்தில் ஒரு மழை நாள். வழக்கம்போல் ‘ஒஜாமா ஷிமாஸ்’ என்று நுழைந்தேன். கூடத்திலிருந்து பாட்டி எழுந்து வந்தார். “வீட்டில் இருப்பவன் அப்படிச் சொல்லமாட்டான். ‘ததைமா’ என்று சொல்” என்றார். ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது அதன் கருத்து. நான் சொன்னேன். “ஒகயேரி” என்று அவர் விடை கூறினார். வந்தவரை வீட்டுக்குள் ஏற்கும் சொல் அது. அதோடு அவர் நிற்கவில்லை. “இனிமேல் நீ கடைசியில் குளி. குளித்த பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிடு. செவ்வாய், வெள்ளி குப்பை எடுத்துப் போடுவதும் உன் வேலை” என்றார். ஒகாசான் பதறிப் போனார். எனக்கோ அன்றுதான் அந்த வீட்டில் வயிறார உண்டது போலிருந்தது. அன்று முதல் ஒதோசான் முதலில் குளித்தார். நான் கடைசியில் குளித்துத் தொட்டியைத் தேய்த்தேன்.

நம் ஊரில் வெளியே புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொல்லக்கூடாது. ‘போய்விட்டு வருகிறேன்’ என்றே சொல்லவேண்டும். ஜப்பானியரும் அப்படியே சொல்கிறார்கள். ‘இத்தே கிமாஸ்’ என்பார்கள். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’ என்று விடை தருவார். ‘போய்விட்டு வா’ என்பதுதான் அது. பல வீடுகளில் இது பழக்கத்தில் தேய்ந்துபோய், அறைக்குள்ளிருந்தே முனகலாகக் கேட்கும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. யார் புறப்பட்டாலும் பாட்டி கைவேலையை விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல் வரைக்கும் வருவார். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, நம் முகத்தைப் பார்த்து விடை சொல்லுவார். கடைத்தெருவுக்குப் போனாலும் இதே முறைதான்.

ஒருநாள் காலை மகள் தாயோடு சண்டையிட்டு, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். பாட்டி வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினார். ஜப்பானில் வீட்டுக்குள் போடும் செருப்போடு தெருவில் இறங்குவது நடவாத காரியம். குடையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். பேருந்து நிற்குமிடத்தில் அவளைப் பிடித்துவிட்டார். திட்டவில்லை. மூச்சு வாங்க நின்றார். பள்ளித் தோழியரின் முன்னால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, ‘இத்தே கிமாஸ்’ என்றாள். ‘இத்தெராஷ்ஷாய்’ என்று சொல்லிவிட்டுப் பாட்டி திரும்பினார். வழியில் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஒரு மரியாதைச் சொல்லுக்கு இத்தனை கண்டிப்பா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஆகஸ்டு நடுவில் ‘ஒபோன்’ வந்தது. இறந்த முன்னோர் வீட்டுக்கு வந்து தங்கிப் போகும் நாட்கள் அவை. நம் அமாவாசைப் படையல் போன்றது. கூடத்தை அடுத்த பாய் அறையில் சிறிய பூசை மாடம் இருந்தது. நாள்தோறும் காலையில் வெந்த சோற்றின் முதற்பிடி அங்கேதான் போகும். தாத்தாவின் படமும் அங்கே இருந்தது. ஒபோனுக்குப் பாட்டி ஒரு வெள்ளரிக்காய்க்கும் ஒரு கத்தரிக்காய்க்கும் குச்சிகளால் கால் வைத்து நிறுத்தினார். வெள்ளரிக்காய் குதிரை, கத்தரிக்காய் மாடு. இறந்தவர் குதிரை ஏறி விரைவாக வரவேண்டும். மாட்டின் மேல் மெதுவாகத் திரும்பவேண்டும். அதுதான் கருத்து. “எப்போது இறந்தார்?” என்று மகளிடம் மெல்லக் கேட்டேன். “2011” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சென்டாயில் 2011 என்று சொன்னால் மேலே கேட்கவேண்டியதில்லை.

அவ்வாண்டு மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2.46-க்கு, 9.0 அளவுள்ள நிலநடுக்கம் அக்கடலடியில் நிகழ்ந்தது. அதைத் தொடர்ந்த பேரலை வடகிழக்குக் கரை முழுவதையும் தாக்கியது. 15,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2,500 பேர் வரை இன்றும் காணப்படாதவர் பட்டியலில் இருக்கின்றனர்.

2024 சனவரி முதல் நாள். ஜப்பானில் அதுவே பெரும் பண்டிகை. அனைவரும் கொத்தாட்சுவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அது, அடியில் சூடு தரும் கருவி பொருத்தி, மேலே கனத்த மெத்தை விரித்த தாழ்ந்த மேசை. கால்களை உள்ளே நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். மாலை 4.10-க்கு மேற்குக் கரையில் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண், வழக்கமான அமைதிக் குரலை விட்டுவிட்டு, “சுனாமி வருகிறது, உடனே ஓடுங்கள்” என்று கத்தினார். ஓயாமல் கத்தினார். 2011-க்குப் பிறகு அவர்கள் அப்படிப் பயின்றிருக்கிறார்கள். அமைதியாகச் சொன்னால் மக்கள் அசையமாட்டார்கள் என்பதை அந்த நாள் கற்பித்ததாம்.

பாட்டி உரித்த ஆரஞ்சைக் கீழே வைத்தார். சிறிது நேரம் கழித்துத் தாமாகவே பேசினார். அவரும் தாத்தாவும் அப்போது அராஹாமா என்ற கடற்கரைக் குடியிருப்பில் வாழ்ந்தார்கள். அன்று காலை தாத்தா காய்கறித் தோட்டத்துக்குப் புறப்பட்டார். பாட்டி கண் வைத்தியரைப் பார்க்க நகரத்துக்கு வரவேண்டிய நாள். “அவர் ‘இத்தே கிமாஸ்’ என்றார். அது நன்றாக நினைவிருக்கிறது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னேனா என்பது நினைவில்லை. பன்னிரண்டு ஆண்டாக நினைத்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை” என்றார்.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. நான் சொல்லலாமா என்று தயங்கிப் பிறகு சொன்னேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வயது ஆறு. காலையில் என் சித்தப்பா மீன் வாங்கக் கடற்கரைக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, “அம்மா, போய்விட்டு வருகிறேன்” என்றார். ஒன்பது மணி வாக்கில் கடல் ஊருக்குள் வந்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அதுவரை எங்கள் ஊரில் அந்த அலைக்குப் பெயர்கூடத் தெரியாது. பெயர் உங்கள் மொழியிலிருந்துதான் எங்களுக்கு வந்தது என்றேன். ‘ட்சு’ என்றால் துறைமுகம். ‘நமி’ என்றால் அலை.

பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உன் அப்பாயி பதில் சொன்னாரா?”

“சொன்னார். ‘சீக்கிரம் வா’ என்றார்.”

“பதில் சொல்லியும் வரவில்லையா?”

“வரவில்லை.”

பாட்டி நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் ஓர் ஆரஞ்சை உருட்டிவிட்டார். அவர் மனத்தில் என்ன ஓடிற்று என்பதை நான் அறியேன். ஒகாசான் மட்டும் மறுநாள் என்னிடம் வந்து, மாமியார் இதை வீட்டில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை என்றார். மகன் பன்னிரண்டு ஆண்டு ஒரே கூரையின்கீழ் இருந்தும் கேட்டறியாத செய்தி அது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒதோசான் எங்களைக் காரில் அராஹாமாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே இப்போது யாரும் குடியிருக்க அனுமதியில்லை. நான்கு மாடியுள்ள தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஒன்று மட்டும் நிற்கிறது. அன்று மாணவர், ஆசிரியர், ஊரார் என 320 பேர் மேலே ஏறி உயிர் தப்பினர். வெள்ளம் இரண்டாம் மாடி வரை வந்தது. 2017 முதல் அதை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். பாட்டி மேலே ஏறவில்லை. கீழே நின்று, தம் வீடு இருந்த திக்கைக் கையால் காட்டினார். அங்கே புல் முளைத்திருந்தது. கடற்காற்று கடுமையாக வீசியது. புறப்படும்போது அவர் அந்தத் திக்கை நோக்கிக் குனிந்து வணங்கி ஏதோ சொன்னார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

அம்மாத இறுதியில் நான் ஊர் திரும்பினேன். ஜப்பானியச் சொற்களுள் நாம் அனைவரும் அறிந்தது ‘சயோனாரா’. வீட்டாரிடையே அதைச் சொல்வதில்லை. பெட்டிகளைக் காரில் ஏற்றிய பின் வாசலில் நின்று, நாள்தோறும் சொன்னதையே சொன்னேன். பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, நாள்தோறும் சொன்ன விடையையே சொன்னார். கார் திரும்பும் வரைக்கும் அவர் வாசலில் குனிந்தபடி நின்றார்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். லூ சுன் கடிதம் எழுதாதது பெரியோர் செய்கை. நாம் பின்பற்ற வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை எழுதுகிறேன். ஒகாசான் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறார். மகள் தன் பள்ளிச் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதி, பிழை திருத்தி அனுப்பச் சொல்கிறாள். ஃபுஜினோ ஆசிரியரின் நினைவாகச் சிவப்பு மையிலேயே திருத்துகிறேன்.

நண்பர்களே, நாம் டில்லிக்கு வந்து ஐந்தாண்டு, ஆறாண்டு இருக்கிறோம். அறை, நூல்நிலையம், சங்கம், ஞாயிற்றுக்கிழமை தோசை. மாடியில் வாடகைக்கு இருப்போர் கீழ்வீட்டு அம்மையாரை மாதம் ஒருமுறை, வாடகை நாளன்று காண்கிறார்கள். வெளிநாடு போய்த்தான் ஒரு வீட்டுக்குள் நுழையவேண்டும் என்பதில்லை. என் பக்கத்து அறை வங்காள நண்பர் ஊருக்குப் புறப்படும்போது ‘ஆஷி’ என்கிறார். ‘வருகிறேன்’ என்று பொருள். எதிர் அறை மராட்டியர் ‘யேதோ’ என்கிறார். அதற்கும் ‘வருகிறேன்’ என்பதே பொருள். இருவருக்கும் நான் இப்போது எழுந்து வந்து விடை சொல்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களும் கதவருகே ஒரு கணம் நிற்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஜப்பான் செல்ல இருப்பவர்கள், எந்த நாளிலும் இரவு எட்டு மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம். மொழிப் புத்தகம் இரண்டு தருகிறேன். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பும், கிழியாத காலுறை ஆறு ஜோடியும் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதியா வீடா என்று கேட்டால், வீடு என்று எழுதிக் கொடுங்கள்.